நடுவில் காலை எடு

நம் பேத்தி புதுக் கார் வாங்கியிருக்கிறாள். நேற்று காலையில் என்னை அதில் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குப் போனாள். நான் முன் ஸீட்டில், இடது பக்கம். அது உன் இடம். வண்டியைக் கிளப்பும்போது பழக்க தோஷத்தில் குனிந்து அவள் கால்களைப் பார்த்தேன். பெடல் இரண்டுதான் இருந்தது. கிளச்சு எங்கே போயிற்று என்று கேட்டேன். இந்த வண்டிக்கு அது கிடையாது தாத்தா, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும் என்றாள். அவளுடைய இடது கால் பாட்டுக்கு ஓரமாகச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சும்மா கிடந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பலகையில் ஒன்றை நீ அடுப்பில் வைத்த நாள் ஞாபகம் வந்தது. எதற்குச் சிரிக்கிறாய் என்று அவள் கேட்டாள். சொன்னால் புரிகிற கதை இல்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் ராத்திரி முழுக்க அது நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவில்லை. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உனக்குத்தான் அந்தக் கதை முழுசாகத் தெரியும், ஆகையால் உனக்கே எழுதுகிறேன். உனக்குப் படிக்க வராது, எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான் தறிக்குப் பயந்து ஓடி வந்தவன். உன் அப்பா எனக்குத் தாய்மாமன், என் அப்பாவும் பட்டுத் தறிக்காரர், இரண்டு வீட்டிலும் விடிந்தால் தறிச் சத்தம்தான். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து எனக்கு நெசவு வரவில்லை. குழிக்குள் காலை விட்டுப் பலகையை மிதிக்க வேண்டும், பாவு நூல் பிரிந்து வழி விடும், அந்த வழியில் குறுக்கு நூல் சுற்றிய நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓட வேண்டும். நாடா கரை சேருவதற்குள் காலை எடுத்துவிட்டால் வழி மூடிக்கொள்ளும், நாடா நடுவில் மாட்டும், இழைகள் அறும். நான் எடுத்துவிடுவேன். அப்பா கையில் கிடைத்ததை எடுத்து முதுகில் போடுவார். "நாடா தாண்டாம காலை எடுக்காத" என்பதை அவர் வாயால் சொன்னதைவிட என் முதுகில் எழுதியதுதான் அதிகம். ஏழெட்டு வருஷம் அடி வாங்கி ஒருவழியாக அந்தப் பாடம் மட்டும் காலில் ஏறியது. மற்றது எதுவும் ஏறவில்லை. பதினெட்டு வயதில் பட்டுக்கடை முதலாளி ஒருவரின் காரைத் துடைக்கப் போனேன். அப்படியே ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கினேன். அவர் கார் புதுசு. மேல் கியர்கள் எல்லாம் வாழைப்பழத்தில் ஊசி ஏறுகிற மாதிரி விழும். நான் பெரிய டிரைவர் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்போடுதான் அறுபதுகளில் உத்திரமேரூர் டாக்டர் ஐயாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். நமக்குக் கல்யாணமாகி நாலு மாதம். சுண்ணாம்புக்கார வீட்டின் பின்கட்டில் ஓர் அறை, ஒரு தாழ்வாரம், ஒரு அடுப்பு. அதைப் பார்த்து உனக்கு அத்தனை சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சாணி மெழுகிய தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "இங்க தறி சத்தமே இல்ல மாமா" என்றாய். ஏதோ ஊர் அமைதியைச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

டாக்டர் ஐயாவின் கார் யுத்தத்துக்கு முன்னால் சீமையிலிருந்து வந்தது. கறுப்பு, பெரிய மூக்கு. சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் பிரசவம், பாம்புக்கடி, விஷக்காய்ச்சல் என்று எல்லாவற்றுக்கும் அதுதான் போகும். சமதரையில் அது பசு மாதிரி. மேடு வந்து கியரைக் குறைத்தால்தான் அதன் குணம் தெரியும். கிளச்சை மிதித்து கியரைத் தள்ளினால், உள்ளே பல்லும் பல்லும் கடித்துக்கொண்டு தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். பழைய வண்டிக்கு டபுள் கிளச்சு அடிக்க வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் சொல்லிக்கொடுத்தார். மிதி, கியரை நடுவில் எடு, காலையும் எடு, ஆக்ஸிலேட்டரை ஒரு ஊது ஊது, மறுபடி மிதி, போடு. அவ்வளவுதான் என்றார். நானும் அவ்வளவையும் செய்தேன். சத்தம் குறையவில்லை.

அந்த கியர்ப்பெட்டியில் ஏற்கனவே ஒரு தடவை பல் உடைந்து, மதராஸில் தேடித் தேடிச் சாமான் போட்டிருந்தார்கள். இனிமேல் உடைந்தால் சாமான் கிடையாது. ஒவ்வொரு கடிக்கும் டாக்டர் ஐயா பின்ஸீட்டில் தன் பல்லையே யாரோ பிடுங்குகிற மாதிரி முகத்தைச் சுளிப்பார். ஒரு மாதம் பொறுத்தார். பிறகு ஒரு நாள் வீட்டு வாசலில் இறங்கி நின்று, கோபமே இல்லாமல், இந்த மாதக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு வேறு யாரும் வண்டி கொடுக்க மாட்டார்கள் என்று தெரியும். கியர் கடிக்கிற டிரைவர் என்ற பேர் சின்ன ஊரில் என்னைவிட வேகமாக ஓடும். திரும்பிப் போனால் அப்பாவின் தறிக்குழிதான்.

உன்னிடம் சொல்லவில்லை. நீதான் கேட்டுத் தெரிந்துகொண்டாய், அதுவும் என்னைக் கேட்காமல். டாக்டர் ஐயாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. புடவை எடுக்கப் போகும்போது, தறிக்காரர் பெண் கூட இருந்தால் நல்லது என்று அந்த வீட்டம்மா உன்னையும் கூப்பிட்டார். காஞ்சிபுரத்தில் புடவையும் பழத்தட்டும் பாத்திரமும் பின்ஸீட்டை அடைத்துக்கொண்டதால் திரும்பி வரும்போது உன்னை முன்னால் உட்காரச் சொன்னார். நான் ஓட்டும் வண்டியில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பாலாறு தாண்டினோம். நீ ஜன்னல் பக்கம் பார்க்கவேயில்லை. ஊர் நெருங்கி ஏரிக்கரை மேடு வந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன். வழக்கமான அலறல். வீட்டம்மா காதைப் பொத்திக்கொண்டார். நீ பொத்தவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை மூடி, இன்னொரு தடவை அந்தச் சத்தம் வராதா என்று காத்திருக்கிறவள் மாதிரி இருந்தாய்.

அன்றைக்குச் சாயங்காலம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் குந்தினாய். நான் முதல் உருண்டையை எடுக்கும்போது சொன்னாய்.

"மாமா, உன் காலு பொய் சொல்லுது."

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. தறிக்குப் பக்கத்தில் குந்தினவளுக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று கத்தினேன். கத்திய பிறகு, எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போய்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். நீ தட்டை மூடி வைத்துவிட்டு வந்தாய். பதிலுக்குக் கத்துவாய் என்று பார்த்தேன். நீ கேட்டது ஒன்றுதான். டாக்டர் ஐயா நாள் குறித்திருக்கிறாராமே, வீட்டம்மா புடவைக் கடையில் சொன்னார், நிஜமா என்றாய். நிஜம் என்றேன்.

"அப்ப கேட்டுக்கோ. நான் திரும்பிப் போய் அந்தக் குழியாண்ட குந்தமாட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடி வந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. பட்டுப் புடவையில் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தறியிலேயே கோர்த்து நெய்ய மூன்று நாடா வேண்டும், நெய்கிறவருக்குக் கை இரண்டுதான். அதனால் மூன்றாவது நாடாவைத் தள்ள இடது பக்கம் ஓர் ஆள் குந்தும். எட்டு வயதிலிருந்து கல்யாணத்துக்கு முதல் நாள் வரை உன் அப்பா தறியில் அந்த ஆள் நீ. உன் கழுத்து எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருப்பதற்கு அதுதான் காரணம். நான் அது வெட்கம் என்று நினைத்துக் கல்யாணம் செய்துகொண்டேன். நாம் திரும்பிப் போனால் உன்னைக் குந்தவைக்க, என் அப்பா தறியில் இடது பக்கம் காலியாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த அந்தக் காலியிடம் உனக்கும் தெரிந்திருந்தது.

நீ விளக்கினாய். இடது பக்கம் குந்துகிறவளுக்கு நெய்கிறவர் கால் தெரியாதாம், அது குழிக்குள் இருக்கும். காலை நிமிஷத்துக்கு நிமிஷம் குனிந்து பார்த்தால் நாடா தவறிப்போகும். அதனால் காதால் கேட்டுத்தான் கால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வாளாம். காரில் நான் ஊதும்போது இஞ்சின் மட்டும் தனியாகக் கத்துகிறது, கீழே பெட்டிக்குள் இருப்பது கூடச் சேரவில்லை என்றாய். நான் காலை எடுத்திருந்தால் இரண்டும் சேர்ந்து சத்தம் போட்டிருக்க வேண்டும். எடுத்தேன் என்றேன்.

"எடுத்தன்னு நெனச்சிக்கினு கீற. எடுக்கல. தறியில மிதிக்கற மாதிரி மிதிக்கற. நாடா தாண்டட்டும்னு புடிச்சிக்கினு கீற."

அப்பா முதுகில் எழுதிய ஒரே பாடம் காலில் அப்படியே இருந்திருக்கிறது. தறியில் தேவைப்பட்டபோது வராத கால், தறியை விட்டு ஓடிய பிறகு வந்து நின்றது. கியர் ஒரு பக்கமிருந்து மறு பக்கம் போய்ச் சேரும்வரை கிளச்சை விடக் கூடாது என்று அது தானாக முடிவு கட்டிக்கொண்டிருந்தது. நான் எடுப்பதாக நினைத்ததெல்லாம் ஒரு விரல்கடை உயரம். அதற்குள் ஊதினால் ஊதியது காற்றோடு போயிற்று.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது தாழ்வாரத்தில் மூன்று பலகை வரிசையாக இருந்தது. பக்கத்துத் தெரு தறிவீட்டில் கழித்துப்போட்ட மிதிபலகைகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தாய். மிதித்தால் திரும்பி எழும்புவதற்கு அடியில் தேங்காய் நாரைச் சுருட்டி வைத்திருந்தாய். ஸ்டீரிங்குக்கு முறம். கியருக்கு, மண் நிரப்பிய சட்டியில் ஒரு துடைப்பக்கட்டையின் கைப்பிடி. நான் மணையில் உட்கார்ந்தேன். நீ இடது பக்கம் குந்தினாய். கிளச்சுப் பலகையில் ஒரு பட்டு இழையைக் கட்டி மறு முனையை உன் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டாய். கால் கீழே இருந்தால் இழை விரலை இழுக்கும், நான் முழுசாக எடுத்தால்தான் தொய்யும். இன்னொரு கையின் நகத்தால் சொம்பைத் தட்டினாய். ஒரு தட்டு முதல் மிதிக்கு, ஒரு தட்டு இரண்டாம் மிதிக்கு.

"இது ஒரு மிதி இல்ல மாமா, ரெண்டு மிதி. நடுவுல காலை எடு."

எடுக்க வரவில்லை. நீ சொம்பைத் தட்டத் தட்ட, இழை உன் விரலை விடவில்லை. சுண்ணாம்புக்கார வீட்டம்மா தண்ணீர் எடுக்கிற சாக்கில் வந்து, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் முறத்தை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு விளையாடுகிறோம் என்று நின்று பார்த்துவிட்டுப் போனார். நாலாம் நாள் எனக்கே வெறுத்துப்போய், காலை எடுத்தால் உள்ளே ஏதோ அறுந்துவிடும் என்று பயமாக இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "அறுந்தா நாருதான் அறும். உங்கப்பா இங்க இல்ல மாமா" என்றாய். அதற்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது, நீ சொம்பைப் பார்த்துக்கொண்டாய். அன்றைக்குத்தான் இழை முதல் தடவை தொய்ந்தது.

கால் வந்த பிறகு ஊதுவது வரவில்லை. டாக்டர் ஐயா பெட்ரோல் விஷயத்தில் கறார். பெட்ரோலும் பாலாற்றுத் தண்ணீரும் ஒன்று, எப்போதோ வரும், வந்ததைச் சிந்தாதே என்பார். அதனால் நான் பட்டும் படாமல் ஊதினேன். தவிர, வேகம் குறைக்கப்போகிற நேரத்தில் எதற்கு ஆக்ஸிலேட்டர் என்று எனக்கே சந்தேகம். உன்னிடம் கேட்டதும் நீ யோசிக்கக்கூட இல்லை.

"ஓடற பஸ்ல எப்படி ஏறுவ? நின்னுக்கினேவா? கூட நாலு அடி ஓடித்தானே ஏறுவ. உள்ள கீறது வேகமா ஓடிக்கினு கீது, நீ நின்னுக்கினு அது கைய புடிக்கற. அதான் கடிக்குது."

இதுவரை எனக்குச் சொல்லிக்கொடுத்த எந்த டிரைவரும் அப்படிச் சொல்லவில்லை. நீ பெடலை மிதித்தது கிடையாது, பெட்டியைத் திறந்து பார்த்தது கிடையாது. பஸ்ஸில்கூட நாலைந்து தடவைதான் போயிருப்பாய்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு கிராமத்தில் பிரசவம் என்று ஆள் வந்தது. போய், தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, மத்தியானம் திரும்பினோம். பின்ஸீட்டில் டாக்டர் ஐயா கண்ணை மூடியிருந்தார். ஏரிக்கரை மேடு வந்தது. என் காதில் சொம்பு தட்டியது. மிதித்தேன். எடுத்தேன். தாராளமாக ஊதினேன், இஞ்சினும் பெட்டியும் சேர்ந்து ஒரே குரலாக எழும்பிற்று. மிதித்துப் போட்டேன். கியர் போனது கைக்குத்தான் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. வண்டி மேடேறியது.

டாக்டர் ஐயா கண்ணைத் திறந்தார். ஏன் கியர் மாற்றவில்லை, இஞ்சின் நின்றுவிடப்போகிறது என்றார். மாற்றிவிட்டேன் ஐயா என்றேன். அவர் நம்பவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்துக் கீழேயிருந்து மறுபடி வரச் சொன்னார். வந்தேன். சத்தம் இல்லை. இன்னொரு தடவை என்றார். மூன்றாம் தடவை முன்ஸீட்டின் மேல் சாய்ந்து, கியர்க்கம்பியின் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு வந்தார். பெட்ரோலைப் பற்றி அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மேட்டின் மேல் வண்டியை நிறுத்தச் சொல்லி, யாரப்பா சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கழித்து எழுதவே கை கூசுகிறது. நானேதான் ஐயா, தானாக வந்துவிட்டது என்றேன். பெண்டாட்டி சொல்லிக்கொடுத்துக் கற்றுக்கொண்ட டிரைவர் என்று ஸ்டாண்டில் நாலு பேர் சிரிப்பார்கள் என்ற பயம். வாய் முந்திக்கொண்டது. அவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார், அந்தத் தட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

வேலை நிலைத்தது என்று உன்னிடம் சொன்னபோது நீ என் தலையைக் கலைத்துவிட்டுக் கருப்பட்டிப் பணியாரம் சுட்டாய். இரண்டு நாள் கழித்து வீட்டம்மா உன்னைக் கல்யாண வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். அன்று சாயங்காலம் நான் வந்தபோது நீ அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாய். அடுப்பில் கிளச்சுப் பலகை எரிந்துகொண்டிருந்தது. முனையில் பட்டு இழை சுருண்டு கருகியிருந்தது.

"நீயாவே கத்துக்கினியாமே. அப்பறம் இது எதுக்கு" என்றாய்.

சோறு போட்டாய், தண்ணீர் வைத்தாய், எல்லாம் முறையாகச் செய்தாய். நான் வெட்கத்தில் செத்துப்போனேன். எட்டு வயதிலிருந்து இடது பக்கம் குந்தி நீ கோர்த்த எந்தப் புடவையிலும் உன் பேர் இல்லை, உன் அப்பா நெய்ததாகத்தான் ஊர் சொல்லும். அதை விட்டு வந்து மூன்று பலகை போட்டு ஒன்றை உருவாக்கினாய், அதையும் நான் என் பேரில் எழுதிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் இப்படி வார்த்தையாக வரவில்லை. தப்பு என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை டாக்டர் ஐயா வண்டியில் ஏறுவதற்கு முன்னால் கதவைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். பலகை, முறம், சொம்பு, இழை, எல்லாம். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. உன்னை அழைத்துவரச் சொன்னார். நீ ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து தூணோரம் நின்றாய். எப்படியம்மா தெரிந்தது என்று கேட்டார். உன் தலை எப்போதும்போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "கேட்டேன் ஐயா" என்றாய். அவர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, நானும் இத்தனை வருஷமாக அதைத்தான் செய்கிறேன் என்றார். அதன் பிறகு வண்டி எங்கேயாவது முனகினால் என்னைக் கேட்க மாட்டார், உன்னைக் கூப்பிட்டு அனுப்புவார். ஸ்டாண்டில் சிரிக்கத்தான் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் பிறகு கமுக்கமாக வந்து பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டுச் சொல்லச் சொன்னார்கள்.

அடுத்த கோடையில் ஏரி வற்றி வெடித்துக் கிடந்தது. டாக்டர் ஐயாவிடம் கேட்டுக்கொண்டு உன்னை அங்கே அழைத்துப்போய் ஸ்டீரிங்கில் உட்காரவைத்தேன். கால் எட்டவில்லை, முதுகுக்குப் பின்னால் கோணிப்பையை மடித்து வைத்தோம். நான் உன் இடத்தில் உட்கார்ந்தேன். முதல் கியர், இரண்டு, மூன்று. பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினாய், முதல் தடவையிலேயே, ஒரு முனகல் இல்லாமல். நான் நாலு நாள் அழுது கற்றுக்கொண்டதை! எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. நீ ஏரி நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி என் பக்கம் வந்து கதவைத் திறந்தாய். இன்னும் கொஞ்சம் ஓட்டு என்றேன்.

"போதும் மாமா. அங்க குந்தினா உன் காலு கேக்கல."

பிறகு சொந்த டாக்ஸி வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், வண்டிகள் மாறின. கியர்கள் சாதுவாகிவிட்டன, டபுள் கிளச்சு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நான் விடவில்லை. நீ பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் மேடு வந்தால் உன் நகம் கதவுத் தகட்டில் இரண்டு தட்டு தட்டும். சண்டை போட்டுக்கொண்டு போகிற நாளில்கூடத் தட்டும். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும், விரல் மட்டும் என்னோடு பேசும். நான் பிடித்த பிடியை விடாமல் வாய்ச்சண்டையை வளர்க்கிறபோது வீட்டிலும் நீ அதையேதான் செய்வாய். தட்டின் ஓரத்தில் இரண்டு தட்டு. நான் வாயை மூடிக்கொள்வேன், பிறகு நீ சிரிப்பாய்.

கடைசியில் அந்த ஆம்புலன்ஸ். காலை வெயில் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. செங்கல்பட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். மூன்று நாளாக நீ கண் திறக்கவில்லை, பேச்சில்லை, நான் உன் கையைப் பிடித்தபடி பக்கத்தில் குந்தியிருந்தேன். உனக்கு இடது பக்கம். ஓட்டியவன் சின்னப் பையன், அவசரம் வேறு. பாலத்து மேட்டில் கிளச்சு முழுசாக இறங்குவதற்குள் கியரை இழுத்தான். கரகரவென்று ஒரு கடி கடித்தது. என் உள்ளங்கையில் உன் நகம் அசைந்தது. ஒரு தட்டு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தட்டு. உன் தலை தலையணையில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கூட இருந்த நர்ஸ், அது நரம்பு இழுப்பது தாத்தா என்றாள். இருக்கட்டும். நான் உன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன், ஊசி போட வந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். நாடா தாண்டட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தேனோ என்னவோ. நீ தாண்டிய பிறகும் விடவில்லை, மகன் வந்துதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

மிச்சம் இருந்த இரண்டு பலகையும் என்னிடம்தான் இருக்கிறது. பீரோவுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறேன். தூக்கிப் போடுங்கள் என்று மருமகள் சொல்லும்போதெல்லாம் காது கேட்காதவனாகிவிடுவேன்.

நேற்று பேத்தியின் கார் ஏரிக்கரை மேட்டுக்கு வந்தது. ஏரியில் தண்ணீர் நன்றாக இருந்தது. வண்டி தானாகக் கியரைக் குறைத்துக்கொண்டது, அவளுக்கு அது தெரியக்கூட இல்லை, ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். நான் உன் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் நகம் கதவில் ஒரு தட்டு தட்டியது, இடது கால் வெறும் தரையை மிதித்தது. அங்கேயே அழுத்திக்கொண்டு நின்றது. இரண்டு வருஷமாக அது அப்படியே நிற்கிறது, நீ பார்த்திருந்தால் பொய் சொல்கிறது என்றிருப்பாய். மேட்டில் பாதி ஏறியாயிற்று. நடுவில் காலை எடுத்தேன். முழுசாக எடுத்தேன், இழை தொய்கிற அளவுக்கு. பிறகு இரண்டாவது தட்டைத் தட்டினேன்.